கல்யாணக் கம்பில் எத்தனை இலை

1.

இந்தக் கதை ஓர் அலுமினியக் குழாயில் தொடங்கியது. அதை மறைத்துவிட்டு, காட்டுக்குள் தனியாக நடந்தபோது ஒரு பெருமரத்தின் அடியில் எனக்கு இது தோன்றியது என்று எழுதியிருக்கலாம். எழுத்தாளனுக்கு அது அழகாகவும் இருக்கும். மனம் வரவில்லை.

ஈப்போவில் என் தங்கை மங்களத்தின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற பெருமையில் மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்விட்டேன். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாததால் பந்தக்காலின், எங்கள் பேச்சில் கல்யாணக் கம்பின், அருகே போய் நின்றேன். மஞ்சள் துணி, மாவிலை, நவதானிய முடிச்சு எல்லாம் முறைப்படி இருந்தன. தொட்டால் மட்டும் சில்லென்று இருந்தது. மண்டபத்தை அலங்கரிக்கும் சீனியைக் கூப்பிட்டு, "தம்பி, இது என்ன மரம்?" என்று கேட்டேன்.

"அலுமினியம்லா அண்ணே. துருப்பிடிக்காது. எத்தனையோ கல்யாணம் பாத்துருச்சு."

"அந்தக் காலத்துல என்ன மரம் நடுவாங்க?"

"கல்யாண முருங்கைன்னு சொல்வாங்க." கைப்பேசியைத் தடவி ஒரு படத்தைக் காட்டினான். மூன்று மூன்றாக இலை, சிவப்பாகப் பூ.

"இலையும் பூவும் இல்லாத மாசத்துல எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"அந்த மாசத்துல கல்யாணம் வைக்கக் கூடாதுண்ணே," என்று சொல்லிவிட்டு விளக்குச் சரத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் தை மாதத்தில்தானே நம் ஆட்கள் கல்யாணம் வைப்பார்கள்? சாம்பார் பரிமாறும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாயசம் வருவதற்குள் கதையில் ஒரு பெண் வந்துவிட்டாள்.

2.

முதல் தொடக்கம்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு, பேராக்கில் செமோருக்கு அருகே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின்மேல் கதிரவன் தன் பொற்கரங்களை—"

[போதும். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. ஆண்டும் இடமும் மட்டும் இருக்கட்டும்.]

இரண்டாம் தொடக்கம்:

"நவமணி தன் கல்யாணக் கம்பில் வந்த துளிரைக் கிள்ளி எறிந்தாள்."

[நல்ல வாக்கியம். எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் இதை முதலிலேயே வைத்தால், "கிள்ளினால் என்ன?" என்று கேட்பீர்கள். ஆறாம் பகுதிக்காக எடுத்து வைக்கிறேன்.]

மூன்றாம் தொடக்கம்:

"தை மாதம். தோட்டமே மொட்டையாக நின்றது."

இதுதான். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். காட்டோரத்து மரங்களில் சிலவும் கூடவே உதிர்த்துவிட்டு நின்றன. எந்த மரத்தைக் கேட்டாலும் அதனிடம் காட்டுவதற்குப் பட்டையும் கிளையும் மட்டுமே இருந்தன.

3.

இங்கே கொஞ்சம் கட்டுரை. அவசரக்காரர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம், அங்கே சண்டை இருக்கிறது.

மரத்தை இலையை வைத்து அடையாளம் சொல்வது நாட்டில் சரிப்படும். மலாயாக் காட்டில் இலை எங்கோ உச்சியில் இருக்கும். அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். கைக்கு எட்டுவது பட்டை. ஆகவே முதலில் பட்டையைப் பார், பிறகு கிளை எந்த உயரத்தில், எப்படிப் பிரிகிறது என்று பார். பட்டையில் கறுப்பாக எதுவோ வழிந்து காய்ந்திருந்தால் அது ரெங்காஸ். அதன் சாறு பட்டால் உடம்பெல்லாம் கொப்புளம், எட்ட நில். மரம் வழவழவென்று சாம்பல் நிறத்தில் நெட்டையாகப் போய், மேலே, எங்கோ மேலே முதல் கிளையை விட்டு, அதில் தேனடை தொங்கினால் அது துவாலாங். நீளநீளமாகப் பட்டை வெடித்திருந்தால் மெராந்தியாக இருக்கலாம்.*

இதெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி. [பெயரே அப்பாவு. என் அப்பாவைச் சொல்லவில்லை.] அப்பாவு நம் நவமணியின் தாய்மாமன். காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் கோடரி பிடித்தவர். போகிற வழியில் மரத்தை ஒரு தட்டுத் தட்டி, பெயரைச் சொல்லி, யாராவது ஆச்சரியப்படுகிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் மனிதர். ஆச்சரியப்படாவிட்டால் இன்னொரு மரத்தைத் தட்டுவார்.

அவருக்குத் தெரியாத மரம் ஒன்றே ஒன்று. கல்யாண முருங்கை. கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். காப்பித் தோட்டக் காலத்தில் நிழலுக்கு நட்டவை இங்கும் அங்குமாக நின்றன, மலாய்க்காரர்கள் தெடாப் என்பார்கள். அப்பாவுக்கு அது தெடாப் என்றும் தெரியாது, முருங்கை என்றும் தெரியாது. "தண்டுல முள்ளு இருக்கும்" என்று யாரோ சொன்னது மட்டும் நினைவிருந்தது.

* இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். இதை எழுதுவதற்காக சிம்பாங் பூலாய்ப் பக்கம் போய் மரம் மரமாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாய் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

4.

மாப்பிள்ளை அர்ச்சுனன். அதே தோட்டம், எதிர் லயம், அதாவது எதிர்வரிசைத் தொழிலாளர் வீடு. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவனுடைய அத்தை கருப்பம்மாள். கல்யாணப் பேச்சுக்கு நவமணி வீட்டு வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கருப்பம்மாள் வெற்றிலையை வாயில் போடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நகை நட்டு நான் கேக்கல. சீர் கேக்கல. ஆனா கம்பு கல்யாண முருங்கையா இருக்கணும். அது துளிர்க்கணும்."

நவமணியின் தகப்பனார் சின்னையா மெதுவாகச் சொன்னார்: "சுத்திப் பால்மரந்தான நிக்குது. ரப்பர்ல ஒரு கிளைய ஒடிச்சா என்ன?"

"ஒடிச்சுப் பாருங்க," என்றார் அப்பாவு. "தொரை மொய் வைக்கவா வருவாரு? மூட்டையக் கட்டுன்னு சொல்லத்தான் வருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கருப்பம்மாள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. பாகான் செராய்ல எனக்குக் கல்யாணம் பண்றப்ப அடுப்புக்கு வச்சிருந்த பாக்காவ் விறகை எடுத்து நட்டாங்க. காஞ்ச கட்டை எங்க துளிர்க்கும்? அந்த மனுசன் ஒரு மழைக்காலங்கூட என்னோட இருக்கல, ரயிலேறிப் போயிட்டாரு. என் தம்பி மகனுக்கு அப்படி ஆவக் கூடாது. கம்பு தப்பாப் போச்சுன்னா இந்தப் பேச்ச விட்டுருவோம். எங்க சொந்தத்துல அங்கயும் பொண்ணு இருக்கு."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அது நவமணி.

அப்பாவு நெஞ்சை நிமிர்த்தினார். "அக்கா, இந்தக் காட்டுல எனக்குத் தெரியாத மரம் எது? கம்பு என் பொறுப்பு."

மறுநாள் வேலை விட்டதும் கத்தியோடு குன்றடிவாரத்துக்குப் போனார். இலையில்லாத ஒரு மரம். பட்டையில் முள். ஒரு தட்டுத் தட்டினார். திரும்பிப் பார்த்தார், ஆச்சரியப்பட யாருமில்லை. நல்ல உயரமான கிளையாக வெட்டி, பக்கக் கிளைகளைக் கழித்து, தோளில் போட்டுக்கொண்டு, லயமே வேடிக்கை பார்க்க நடந்து வந்தார். நல்ல நேரத்தில் நட்டார்கள். குலவை போட்டார்கள். கல்யாணம் மாதக் கடைசியில்.

5.

நட்ட கம்புக்கு மஞ்சள் பூசும்போது நவமணியின் விரல் நின்றுவிட்டது.

கல்யாண முருங்கையின் பட்டையில் முள் சின்னதாக, கறுப்பாக, சும்மா ஒட்டிவைத்ததுபோல இருக்கும். பட்டையிலே வெளிர்கோடுகள் ஓடும். கிளைகள் தோன்றின இடத்தில் தோன்றி மேலே போகும். இந்தக் கம்பின் முள் அடிப்பக்கம் அகலமாக, கூம்பாக இருந்தது. அப்பாவு கழித்த கிளைகளின் அடித்தழும்பு மூன்றும் ஒரே உயரத்தில், குடைக்கம்பிகள் பிரிவதுபோல மூன்று திசையில் இருந்தன. அப்படிப் பிரிவது காட்டு இலவு. மலாய்க்காரர்களின் கெகாபு. பஞ்சு மரம்.

[இந்த இடத்தில் எனக்கே நவமணிமேல் சந்தேகம் வந்து எழுதுவதை நிறுத்திவிட்டேன். மரம் வெட்டிய மாமனுக்குத் தெரியாதது மருமகளுக்கு எப்படித் தெரியும்? கதாநாயகி என்பதற்காக அறிவைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறேனா? பிறகு யோசித்தேன். அவள் பால்வெட்டுக்காரி. காலை முழுவதும் பட்டைக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பவள். பட்டையைச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. அந்த விரலுக்குப் பட்டை தெரியும். இதுவும் போதாது என்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன்.]

அந்த மரம் அவளுக்குப் பழக்கம். சின்ன வயதில் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் குன்றடிவாரத்தில் விளையாடுவார்கள். கூம்பு முள்ளை நெம்பி எடுத்து, எச்சில் தொட்டு, ஒருவர் மூக்கில் ஒருவர் ஒட்டி மூக்குத்தி போடுவார்கள். அவளுக்கு எப்போதும் ஒட்டிவிடுகிறவன் அர்ச்சுனன். அப்போது அவனுக்கே மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மாமனுடைய மானம் போகும். ஊரறியத் தோளில் சுமந்து வந்த மனுசன். மாமன் மானம் போன கையோடு கருப்பம்மாள் பாகான் செராய்க்கு ஆள் அனுப்புவாள், அர்ச்சுனனும் போய்விடுவான். நட்ட கம்பைப் பிடுங்கி வேறு நடவும் கூடாது. அவள் கிண்ணத்தில் இருந்த மஞ்சளை எல்லாம் அந்த முள்ளின் மேலேயே அப்பினாள்.

6.

துளிர்க்காமல் இருந்துவிட்டால்? கருப்பம்மாள் கோபிப்பாள். துளிர்த்துவிட்டால்? முருங்கைக்கு மூன்று இலை. இலவுக்கு ஐந்து, விரித்த கைபோல. பட்டையை மஞ்சளால் மூடலாம், இலையை எதால் மூடுவது?

காட்டு இலவு ரோசக்கார மரம். வெட்டி நட்டால்கூடப் பிழைத்துக்கொள்ளும். கம்பில் பச்சையாக ஒரு புள்ளி வந்தது. கருப்பம்மாள் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினாள். "உசுரு வந்துருச்சு!" அவள் சிரித்து அன்றுதான் நவமணி பார்த்தாள்.

குழாயடியில் அர்ச்சுனன் வாளியை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"கம்பு துளிர்க்குது."

"நல்லதுதான?"

"அது முருங்கை இல்ல. கெகாபு."

"தெரியும். நம்ம மூக்குத்தி மரம்லா.*"

"தெரிஞ்சா ஏன் சொல்லல நீ?"

"சொன்னா உங்க மாமா தலைய எங்க வச்சிக்குவாரு? எங்க அத்தை காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரும் என்னாவுறது? சரி, உனக்கும் தெரியும், நீ ஏன் சொல்லல?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இலை விரிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சுரும். உன்னை பாகான் செராய்ல கட்டிவச்சுருவாங்க."

"என்னைக் கேக்காமலா?"

"நம்மள எப்ப கேட்டாங்க?"

வாளி நிரம்பி வழிந்தது.

இப்போது அந்த வாக்கியம்: நவமணி தன் கல்யாணக் கம்பில் வந்த துளிரைக் கிள்ளி எறிந்தாள்.

கிள்ளினால் என்ன என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள். துளிர்த்தால்தான் குடும்பம் தழைக்கும் என்று ஊரே நம்புகிறது, அவளும் நம்புகிறாள். அந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்பதற்காகவே அந்த நல்ல சகுனத்தைத் தன் நகத்தால் கிள்ளுகிறாள். வேலை விட்டு வந்து, தண்ணீர் ஊற்றுவதுபோல நின்று, யாரும் பார்க்காதபோது கிள்ளி, "மன்னிச்சுக்க" என்று கம்பிடம் சொல்லிவிட்டுப் போவாள். எழுதும்போது எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் கிள்ளவைத்தேன்.

 * ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் 'லா' போட்டுப் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. அர்ச்சுனன் வாயில் வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன், அவன் வேறு ஊர்க்காரன் ஆகிவிட்டான். திருப்பிப் போட்டுவிட்டேன்.

7.

கதை இத்தோடு நேராக முடிவுக்குப் போயிருக்கும். ஆனால் ஒரு நாள் நவமணி கிள்ளப் போனபோது துளிர் ஏற்கெனவே கிள்ளப்பட்டிருந்தது.

நான் இதைத் திட்டமிடவில்லை. பேனா அப்படிப் போய்விட்டது என்றால் நம்பமாட்டீர்கள், நம்பாதீர்கள். ஆனால் எழுதியபின் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியது என் தலையில் விழுந்துவிட்டது. நவமணி அர்ச்சுனனைக் கேட்டாள். "நான் இல்ல, நீன்னு நெனச்சேன்," என்றான்.

மாமன் அப்பாவு கையாக இருக்கலாம். அந்த வாரம் அவர் பழைய காப்பிக்காட்டுப் பக்கம் போயிருந்தார். அங்கே ஒரு மலாய்க்காரர் தெடாப் மரத்தில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பாவு பழக்கதோஷத்தில் மரத்தைத் தட்டினார். கறுப்பாகச் சின்ன முள். வெளிர்கோடு. "உங்க ஆளுங்க கல்யாணத்துக்கு வெட்டுறது இதுதான்," என்றார் மலாய்க்காரர். கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபிறகு எந்த மரத்தையும் தட்டவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சின்னையா கசாயம் வைத்துக் கொடுத்தார்.

அவரை வைத்து ஒரு முடிவு எழுதினேன்: அப்பாவு ஊர் கூட்டி, "நான் தப்பா வெட்டிட்டேன்" என்று சொல்கிறார், கருப்பம்மாள் மன்னிக்கிறாள், எல்லாரும் வரிசையாக நின்று— [புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம்.]

இன்னொன்று: கருப்பம்மாள் கம்பை அடையாளம் கண்டு கூச்சல் போட, கல்யாணம் நின்று, நவமணி வேறு தோட்டத்துக்கு— [இதையும் கிழித்துவிட்டேன். பந்தல் போட்டாயிற்று, பாயசத்துக்கு வெல்லம் வாங்கியாயிற்று.]

இன்னொரு சங்கதியும் உண்டு. கம்பின்மேல் இருந்த மஞ்சள் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே வந்தது. நவமணி பூசியது அவ்வளவு இல்லை. சாயங்காலம் ஆனால் எதிர் லயத்தில் அம்மியில் மஞ்சள் அரைபடும் சத்தம் கேட்டது.

எதிர் லயத்தில் இருப்பது கருப்பம்மாள். ஆனால் அவள் எதற்கு? துளிர் வந்ததற்குக் கைதட்டியவள் அவள்தானே? ஒருவேளை தன் சமையலறைச் சன்னல் வழியாக, நவமணி கிள்ளிவிட்டுக் கம்பிடம் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்திருப்பாள். கிட்டப் போய்த் தடவினால் மஞ்சளுக்கு அடியில் கூம்பு முள் தட்டியிருக்கும். இந்தப் பெண் இவ்வளவு பயந்து, இவ்வளவு பாவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டாவது நம் பையனைக் கட்டிக்கொள்ள நினைக்கிறாளே, எனக்கு வாய்த்த மனுசன் ஒரு வாய் சொல்லாமல் போனானே என்று ஏதாவது தோன்றியிருக்கும். இது என் ஊகம். கருப்பம்மாள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. அவளை வில்லியாக எழுத ஆரம்பித்தவன் நான், என்னிடம் அவள் எதற்குச் சொல்லவேண்டும்?

8.

கல்யாணக் காலை. நல்ல வெயில். வாசலில் தென்னோலைப் பந்தல், பந்தலுக்கு வெளியே கம்பு. செமோரிலிருந்து வந்த மேளக்காரர்கள் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அர்ச்சுனன் வேட்டி நழுவுமோ என்ற கவலையில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருக்கிறான். நவமணியை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். மூக்கில் உண்மையான மூக்குத்தி. அப்பாவு மாலையோடு நிற்கிறார்.

எல்லாரும் எட்டின இடத்தைத்தான் கிள்ளியிருக்கிறார்கள். கம்பின் உச்சி ஒருவருக்கும் எட்டாது. கல்யாணக் கம்பில் ஏறிப்போய்க் கிள்ளும் தைரியமும் ஒருவருக்கும் இல்லை. அந்த உச்சியில் இருந்த துளிர், விடிந்ததும் வெயில் பட்டு விரிந்துவிட்டது.

முதலில் பார்த்தவள் நவமணி. நடந்து வந்தவள் நின்றாள். அவள் பார்த்த இடத்தை அர்ச்சுனன் பார்த்தான். அவன் பார்த்த இடத்தை அப்பாவு பார்த்தார், மாலை கை நழுவியது. பிறகு மொத்தப் பந்தலும் அண்ணாந்தது.

"துளிர்த்திருக்கு!" என்றாள் ஒருத்தி. "எத்தனை இலை? மூணுதான?" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் கருப்பம்மாளைப் பார்த்தார்கள். அவள் புருவத்தின்மேல் கையை வைத்து மேலே பார்த்தாள்.

கருப்பம்மாள் கையை இறக்கினாள். "எனக்கு வெயில்ல கண்ணு கூசுது. நம்ம ஆளுங்க யாரு சொன்னாலும் பாசத்துல சொன்னோம்னு நாளைக்குப் பேச்சு வரும். வெளியாளு யாராச்சும் எண்ணிச் சொல்லட்டும்."

கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் பந்தக்காலின் ஓரமாக, அழைப்பில்லாமல் வந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் உங்கள்மேல் அவள் கண் விழுந்தது.

"நீங்க சொல்லுங்க தம்பி. பொண்ணா இருந்தா, நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதுதான். அதுக்கு மேல யாரும் எண்ணக் கூடாது."

என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள். நான் எழுதினவன், என் சாட்சி செல்லாது. இலை எத்தனை என்று இந்தக் கதையில் ஓரிடத்திலும் நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு மரம் தெரியும். பட்டையை நான் காட்டியிருக்கிறேன், கிளைத் தழும்பையும் காட்டியிருக்கிறேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மை சொல்லவும் சொல்லவில்லை.

வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பம்மாள் வெற்றிலைத் தட்டை உங்களிடம் நீட்டுகிறாள். அவள் கட்டைவிரலில் மஞ்சள் ஏறியிருக்கிறது. நகக்கண்ணில் பச்சை.

மேளக்காரர் குச்சியைத் தூக்கிவிட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொல்லுங்கள்.